ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை: மூன்று இடத்தில் எஸ்3 களஞ்சியம், ஒன்று விழுந்தாலும் ஓட வேண்டும்

ஹட்டன்_ஆவணம்:
வணக்கம். பழைய தோட்டப் பதிவேடுகள், பிறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைக் கடிதங்கள் என்று ஸ்கேன் செய்தவை 1.8 டெராபைட் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஒரே சேர்வரில் இருக்கின்றன. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை அலுவலகங்களில் 4 டெராபைட் டிஸ்க்கோடு ஆளுக்கொரு கம்பியூட்டர் வைத்து, ஒன்று படுத்தாலும் படிக்கவும் எழுதவும் முடிய வேண்டும். அப்லோட் 20 எம்பிபிஎஸ்தான். எஸ்3 முறையில் (கோப்புகளை நெட்வேர்க் வழியே கீ கொடுத்து வைத்தெடுக்கும் முறை) ஓடும் மென்பொருள்களில் எது நல்லது: மின்ஐஓவா, செஃபா, கராஜா? கரண்ட் அடிக்கடி போகும்.

மலைச்சாரல்:
கராஜ்தான். மற்ற இரண்டும் ஒரே அறையில், வேகமான சுவிட்சில் இருக்கும் சேர்வர்களுக்கு நல்லவை. ஊருக்கு ஊர் சாதாரண லைனில் இணைப்பதற்கென்றே எழுதப்பட்டது கராஜ். ஆனால் அதில் இரேஷர் கோடிங் (முழுப் பிரதிக்குப் பதில் துண்டுகளாகப் பிரித்து இடம் மிச்சப்படுத்தும் முறை) கிடையாது. ரெப்ளிகேஷன் 3 என்றால் முழுப் பிரதி மூன்று, ஆக 12 டெராபைட் வாங்கினால் கையில் 4. உங்கள் 1.8க்கு அது போதும்.

அதற்கு முன் இடங்களை மாற்றுங்கள். மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தால்தான் கராஜ் படிக்கும், எழுதும். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே மலை. 2025 நவம்பரில் டித்வா புயலுக்கு, இந்த மூன்று ஊரும் இருக்கும் நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் இரண்டுமே மண்சரிவில் மாட்டின. அப்படியான நாளில் இரண்டு இடம் சேர்ந்தே போகும். நுவரெலியாவை விட்டுவிட்டு ஒன்றைக் கொழும்பிலோ மட்டக்களப்பிலோ வையுங்கள். மலையில் மிச்சமிருக்கும் இரண்டும் சேர்ந்தே விழுந்தால் அப்போதும் கராஜ் நிற்கும், ஆனால் ஒரு பிரதியாவது மலைக்கு வெளியே இருக்கும்.

கரண்ட் விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கராஜ் தன் மெட்டாடேட்டாவை (எந்தக் கோப்பு எங்கே என்ற குறிப்பு) வழக்கமாக எல்எம்டிபி என்ற தரவுத்தளத்தில் வைக்கும். வேகமானது, ஆனால் திடீரென்று கரண்ட் போனால் கெட்டுப்போகக் கூடியது. அதற்குப் பதில் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைத் தெரிவுசெய்து, மெட்டாடேட்டா எஃப்சிங்கை (எழுதியதை உடனே டிஸ்க்கில் பதியவைக்கும் வசதி) இயக்கி, மெட்டாடேட்டாவைத் தானாகப் பிரதியெடுக்கும் ஆட்டோ ஸ்னாப்ஷாட்டை 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை போடுங்கள். சற்று மெதுவாகும், ஸ்கேன் வேலைக்கு அது பாதகமில்லை. மெட்டாடேட்டா எஸ்எஸ்டியில் இருக்கட்டும். டேட்டா டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஃபோர்மட் செய்யுங்கள். ஈஎக்ஸ்டி4 ஃபோர்மட்டில் இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோட் (கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்துபோகலாம். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை மறக்காமல் செருகி, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருளைப் போட்டால், பற்றரி இறங்கும்போது சேர்வர் தானாக ஒழுங்காக நிற்கும். கரண்ட் வந்ததும் தானாக எழும்ப பயோஸில் ஒரு செட்டிங் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

முதல் ஏற்றத்தை லைனில் செய்யாதீர்கள். ஹட்டனிலிருந்து இரண்டு பிரதி வெளியே போக வேண்டும், 3.6 டெராபைட். 20 எம்பிபிஎஸ்ஸில் விடாமல் ஓடினாலும் 16 நாளுக்கு மேல். மூன்று சேர்வரையும் ஹட்டனிலேயே ஒரு கிகாபிட் சுவிட்சில் போட்டு, லேஅவுட்டில் (எந்தச் சேர்வர் எந்த இடத்தில் என்று கராஜுக்குச் சொல்லும் அமைப்பு) சோன், அதாவது இடப் பெயர்களை இப்போதே ஊர்ப்பெயராகக் கொடுத்து ஏற்றுங்கள். ஓரிரு நாளில் முடியும். பிறகு கொண்டுபோய் வையுங்கள். லேஅவுட் அசைன் செய்தபின் அப்ளை கொடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது, ஸ்டேட்டஸில் 'நோ ரோல் அசைண்ட்' என்றே நிற்கும்.

பதுளை_நெட்:
மேலே சொன்னதோடு ஒன்று. 4ஜி ரவுட்டர் என்றால் வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி பெரும்பாலும் கிடைக்காது, இடங்களை இணைக்க வயர்கார்ட் என்ற விபிஎன் தேவைப்படும். எல்லோரும் செய்வது, கொழும்பை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் அதற்குக் கட்டுவது. அப்போது கொழும்பு விழுந்தால் ஹட்டனும் பண்டாரவளையும் உயிரோடு இருந்தும் ஒன்றையொன்று பார்க்காது. ஒவ்வொன்றும் தன்னைத் தனியாளாக எண்ணி எழுத மறுக்கும். மூன்று பிரதி வைத்தும் பயனில்லை. எனவே குறைந்தது இரண்டு இடத்துக்காவது பொது ஐபி எடுத்து, மூன்றையும் நேருக்கு நேர் இணையுங்கள். பொது ஐபி இல்லாத பக்கத்தில் கீப்அலைவ் (இணைப்பு அறாமல் இருக்க இடையிடையே அனுப்பும் சிறு சைகை) 25 நொடிக்கு ஒருமுறை என்று போடுங்கள்.

ஹட்டனில் ஏற்றும்போதே வயர்கார்ட் ஐபிகளை கராஜின் ஆர்பிசி பப்ளிக் முகவரியாக (சேர்வர்கள் ஒன்றையொன்று தேடும் முகவரி) கொடுத்துவிட்டால், இடம் மாறும்போது கராஜில் எதையும் தொட வேண்டாம், வயர்கார்ட்டின் எண்ட்பொயின்ட்டை (மறுபக்கத்தின் வெளி முகவரி) மட்டும் மாற்றினால் சரி.

ஹட்டன்_ஆவணம்:
மிக்க நன்றி. நுவரெலியாவுக்குப் பதில் கொழும்பு என்று முடிவெடுத்துவிட்டோம். யாராவது தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டால் மற்ற பிரதியிலிருந்து எடுக்கலாமா?

மலைச்சாரல்:
முடியாது. அழிப்பதும் மூன்று இடத்துக்கும் போகும், கராஜில் வெர்ஷனிங்கும் (கோப்பின் பழைய நிலைகளைச் சேர்த்துவைக்கும் வசதி) இல்லை. ஒரு வெளி டிஸ்க்கில் ஆர்குளோன் என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் வாராவாரம் எடுத்து, எடுத்ததும் கழற்றி அலமாரியில் பூட்டுங்கள். கட்டளை 'கொப்பி', 'சிங்க்' அல்ல. சிங்க் கொடுத்தால் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும். 'இம்யூட்டபிள்' என்ற ஒப்ஷனையும் சேர்த்தால் பழைய கோப்பின் மேல் புதியது ஏறாது. ஸ்கேன் செய்பவர்களுக்கு எழுதும் கீ, வாசகர்களுக்குப் படிக்க மட்டுமான கீ என்று பிரித்துக் கொடுங்கள். ஆர்குளோனில் ரீஜனை 'கராஜ்' என்று போட வேண்டும், கராஜின் கொன்ஃபிக்கில் உள்ள ரீஜன் பெயரும் அதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் கீ சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.