முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் ஒட்டும் ஆள் உண்டா?

அண்ணன்மாரே, மாமா விட்டுப்போன ஃபைபர் வள்ளம் இரண்டு வருஷமாகத் தென்னை மூட்டில் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதில் அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைப் பிடித்துக் கடலில் தள்ளினோம். இருபதடி போகவில்லை, கணுக்கால் வரை தண்ணீர். மச்சான் பெயிண்ட் வாளியால் இறைக்க, நான் வெடிப்பைக் குதிகாலால் அடைத்துக்கொண்டு நின்றேன். கரையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

அடியில் ஒரு சாண் வெடிப்பு. ஈரத்தில் ரெசின் பசை பிடிக்காது என்பதால் கவிழ்த்துக் காயப் போட்டிருக்கிறேன். கண்ணாடியிழை மேட் வைத்து ஒட்டினால் போதுமா? எஞ்சின் மாட்டும் பின்பலகையின் பிளைவுட் வேறு, விரலால் அழுத்தினால் புட்டு மாதிரி உதிர்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள். விற்றுவிடு என்று மட்டும் சொல்ல வேண்டாம், அதை வீட்டில் தினமும் கேட்கிறேன்.