முடிவை நம்மிடம் கேட்டால் அது கதையா?

பொன்னி:
நேற்று இரவு ‘வெண்பா’ விளையாடி முடித்தேன். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட வீடியோ விளையாட்டு. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. நாயகி வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து, மை கலைந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டுக்கும் ஆவி ஏறும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை தப்பாக அடுக்கினேன். ஊர்விட்டு வந்த பெண்ணின் தவிப்பு அந்த நிமிடத்தில் என் கையிலேயே இருந்தது. நல்ல சிறுகதைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

நெல்லை வாசகன்:
மறுக்கிறேன். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ‘பேண்டர்ஸ்னாட்ச்’ என்று ஒரு படத்தைக் கொண்டுவந்தது, பார்ப்பவர் தேர்வுக்கேற்பக் கதை மாறும். நாயகன் காலையில் எந்தத் தானிய உணவைச் சாப்பிட வேண்டும் என்று கேட்கும். பத்து விநாடிக்குள் ரிமோட்டை அமுக்க வேண்டும். அதனால் மாறுவது பிறகு டிவியில் வரும் ஒரு விளம்பரம் மட்டும். சரி, அது சின்ன விஷயம். மாடியிலிருந்து யார் குதிப்பது என்றும் நம்மிடமே கேட்கிறார்கள்! பிடிக்காவிட்டால் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளலாம். அப்படியானால் அந்தச் சாவுக்கு நான் ஏன் அழ வேண்டும்? நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் கட்டத்தில் ஊரே விம்மும். தடுக்க நமக்கு வழியில்லை, அதனால்தான் அழுகிறோம். ‘போடலாமா, வேண்டாமா’ என்று ஒரு பொத்தானைக் கொடுத்துப் பாருங்கள், அந்தக் கதை அங்கேயே செத்துவிடும்.

பொன்னி:
நல்லதங்காள் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் திட்டுவது, நம் தேர்வுக்கேற்பப் பல முடிவுகளாகப் பிரியும் கிளைக்கதையை. ‘வெண்பா’வில் முடிவு ஒன்றுதான், அதை நாம் மாற்ற முடியாது. மகன் கவின் காதில் தமிழ் விழும்போது சில சொற்கள் திரையில் மங்கிப் போகின்றன. அவனுக்குப் புரியாதது நமக்கும் தெரிவதில்லை. அச்சில் இதை எப்படிச் செய்வீர்கள்? வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுகிறார். அதனால் கதை மாறாது, ஆனால் அவர் இல்லாமல் கதை நகராது. நான் சொல்லும் பங்கேற்பு அதுதான்.

அருள்:
நான் நெல்லை வாசகன் பக்கம், ஆனால் காரணம் வேறு. இந்தக் கதைகளுக்கு ஆயுசு இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2024 டிசம்பரில் இந்த வகைப் படைப்புகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டது. மறு ஆண்டு மே மாதம் ‘பேண்டர்ஸ்னாட்ச்’சும் போனது. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ஜாய்ஸ் 1987-ல் கணினியில் வாசிக்கச் செய்த ‘ஆஃப்டர்நூன்’ கதை 539 துண்டுகள் கொண்டது. எந்தச் சொல்லைத் தொடுகிறோமோ அதற்கேற்ப அடுத்த துண்டு வரும். ஃபிளாப்பியில் வந்த அதை இன்றைய கணினியில் போட்டு அப்படியே வாசிக்க முடியாது. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏடுகளைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும்.

எனக்கு இது சொந்த வலி. 2008-ல் ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் ஒரு சிறுவர் கதை செய்தேன். தவளையைத் தொட்டால் குளத்தில் குதிக்கும், குரல் கொடுத்தது என் அம்மா. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் நின்றது. கோப்பு இருக்கிறது, திறக்க வழியில்லை.

நெல்லை வாசகன்:
இதைவிடப் பெரிய வாதம் எனக்கு வேண்டாம்.

பொன்னி:
அருள் அண்ணா, வழியிருக்கிறது. ‘ரஃபிள்’ என்று ஒரு இலவச மென்பொருள், பழைய ஃபிளாஷ் கோப்புகளை உலாவியிலேயே ஓட்டும். பழைய இணையப் படைப்புகளைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகம் (Internet Archive) 2020-லிருந்து அதை வைத்துத்தான் ஃபிளாஷ் படைப்புகளைக் காட்டுகிறது. 2008 கோப்பு என்றால் ஓடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஏடு மட்டும் தானாகவா பிழைத்தது? செல்லரிப்பதற்குள் யாரோ உட்கார்ந்து படியெடுத்தார்கள்.

அருள்:
போட்டுப் பார்த்தேன். எழுத்துரு உடைந்து பாதி வரிகள் கட்டம் கட்டமாக வருகின்றன. மூன்றாம் திரையில் தவளையைத் தொட்டேன், குதித்தது. ‘இன்னொரு தடவை தொடு கண்ணு’ என்று அம்மா சொல்கிறாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. விடிகிற வரை தொட்டுக்கொண்டிருந்தேன்.

நெல்லை வாசகன்:
அந்தக் கோப்பை இங்கே ஏற்றுங்கள் அருள். உடைந்த வரிகளை நான் தட்டச்சு செய்து தருகிறேன். நல்லதங்காள் விஷயத்தில் மட்டும் நான் மாறுவதாக இல்லை.