ஆறு மாசக் கெடு தாண்டிப்போன பென்ஷன் அப்பீல்: முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களின் அனுபவங்கள்

குடியாத்தம் மகன்:

அப்பா காலாட்படையில சிப்பாய். சேரும்போது ஒரு குறையும் கிடையாது. சர்வீஸ்ல இருக்கும்போதே வலிப்பு வர ஆரம்பிச்சு, மெடிக்கல் போர்டு வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போர்டு 20 சதவீத ஊனம்னு போட்டிருந்தது. ஆனா அடுத்த கட்டத்துல, ராணுவப் பணியால வந்ததும் இல்லை, பணியால அதிகமானதும் இல்லைன்னு ஒரு வரி. டிஸெபிலிட்டி பென்ஷனை முழுங்கினது அந்த வரிதான்.

நிராகரிப்புக் கடிதம் இங்கிலீஷ்ல வந்தது. அப்பாவுக்குப் பல்டன்ல, அதாவது படைப்பிரிவுல, கத்துக்கிட்ட இந்தி சரளமா வரும், இங்கிலீஷ்ல கையெழுத்து மட்டும் போடுவார். போஸ்ட்மேன் முதல் பாராவைப் படிச்சுட்டு, "கிடையாதாம் அண்ணே"ன்னு சொல்லிட்டுச் சைக்கிளை எடுத்துட்டார். இந்த முடிவு ஏற்பில்லைன்னா 6 மாசத்துக்குள்ள அப்பீல் பண்ணலாம்ங்கிறது பின்பக்கத்துல இருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கலை. கடிதம் டிஸ்சார்ஜ் புக்கோட தகரப் பெட்டிக்குள்ள போயிடுச்சு.

நான் படிச்சு முடிச்ச பிறகு ஏதோ சர்டிபிகேட் தேடப் பெட்டியைக் கிளறினப்பதான் அந்தப் பின்பக்கம் கண்ணுல பட்டது. அப்பீல் அனுப்பினோம். காலங்கடந்ததுன்னு ரெண்டே வரியில பதில். "விட்றா, பேசாம இரு"ன்னார் அப்பா. நான் விடலை. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தோட சென்னை அமர்வுல ஓ.ஏ.ன்னு சொல்ற மூல மனு போட்டோம், கூடவே தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு. வக்கீல் முக்கியமாக் காட்டினது 2013 தரம்வீர் சிங் தீர்ப்பு. அவருக்கும் வலிப்பு, அவருக்கும் 20 சதவீதம். சேரும்போது நோய் இருந்ததாக் குறிப்பே இல்லாதப்ப, பின்னால வந்த நோய் பணியால வந்ததுன்னுதான் எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது ராணுவம்னு உச்ச நீதிமன்றம் சொன்ன கேஸ் அது.

தாமதத்தை மன்னிச்சாங்க, பென்ஷனும் வந்தது. அரியர்ஸ் மட்டும் மனு போட்ட தேதிக்கு முந்தின 3 வருஷத்துக்குத்தான். அம்மா எருமையை வித்து எனக்கு ஃபீஸ் கட்டின வருஷமெல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே போயிடுச்சு.

சிக்னல்ஸ் ரிட்டயர்டு:

ஜெய் ஹிந்த் தம்பி. அந்த 3 வருஷம் தர்சேம் சிங் கேஸ்ல இருந்து வர்றது, உச்ச நீதிமன்றத்தோட 2008 தீர்ப்பு. அவர் 1983 நவம்பர்ல மருத்துவக் காரணத்தால வெளியே வந்தவர். ஹைகோர்ட்டுக்குப் போனது 1999ல. பென்ஷன்ங்கிறது மாசாமாசம் தரவேண்டியது, தராத ஒவ்வொரு மாசமும் தப்பு தொடருது, அதனால லேட்டா வந்தேன்னு சொல்லி ஆளைத் திருப்பி அனுப்ப முடியாதுன்னு கோர்ட் ஒத்துக்கிச்சு. இதுவரைக்கும் நமக்குச் சாதகம். பழைய பாக்கின்னு வரும்போதுதான் கை வச்சாங்க. ஹைகோர்ட்ல முதல்ல விசாரிச்ச தனி நீதிபதி 38 மாச, அதாவது 3 வருஷம் சொச்சப் பாக்கி கொடுத்தார். அதே ஹைகோர்ட்டோட ரெண்டு நீதிபதி டிவிஷன் பெஞ்ச் ஆரம்பத்துல இருந்தே கொடுக்கச் சொல்லுச்சு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி 38 மாசத்தையே நிலைநிறுத்திடுச்சு. பதினாறு வருஷத்துக்கு அவ்வளவுதான்.

எனக்கு இதுல உடன்பாடே இல்லை. கெடுவைப் பின்பக்கத்துல அடிச்சு, படிக்கத் தெரியாத பாஷையில அனுப்புற ஆபீஸுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. நஷ்டமெல்லாம் சிப்பாய்க்கு.

இன்னொண்ணு. முழு சர்வீஸ் முடிச்சு ரிட்டயர் ஆனவனுக்கும் 20 சதவீத ஊனத்தை 50 சதவீதமாக் கணக்குப் போட்டுப் பென்ஷன் தரணும்னு ராம் அவதார் தீர்ப்பு 2014 டிசம்பர்ல வந்தது. எங்க பேட்ச்ல பல பேர், கவர்மெண்டே தானாப் போட்டுரும்னு உட்கார்ந்திருந்தாங்க. கேட்டு எழுதினவங்களுக்குத்தான் நடந்தது. உட்கார்ந்திருந்தவங்களுக்கு ஒவ்வொரு மாசமும் பாக்கி கரைஞ்சுக்கிட்டே இருந்தது.

போளூர் அக்கா:

என் வீட்டுக்காரர் ஹவில்தாரா வந்தவர். முதல் அப்பீல் தள்ளுபடின்னு வந்த கடிதத்துல ஜனவரி தேதி போட்டிருந்தது. எங்க கைக்கு வந்தது சித்திரை பொறந்த பிறகு. அவர் உடம்புக்கு முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தார், நான் கவரைப் பிரிச்சு வச்சுட்டு அப்படியே மறந்துட்டேன். ரெண்டாவது அப்பீலுக்கும் 6 மாசம்தான். அவங்க ஜனவரியில இருந்து எண்ணி, நாள் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க.

எங்களைக் காப்பாத்தினது கவர்தான். அதோட பின்னால அவர் பால் கணக்கு எழுதி வச்சிருந்தார், அதனால நான் தூக்கிப் போடலை. முன்பக்கத்துல தபால் முத்திரை, ஏப்ரல் மாசம், நல்லாத் தெரியுது. வக்கீலம்மா அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழட்டி, முகத்துக்குக் கிட்ட வச்சுப் பார்த்து, "இதை லேமினேஷன் கீமினேஷன்னு எதுவும் பண்ணிராதீங்கக்கா, அப்படியே கொடுங்க"ன்னாங்க. அனுப்பின தேதியே ஏப்ரல்னு ஆனதும் எதிர்ப்பக்கம் அதிகம் பேசலை. கேஸ் நடக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துட்டார். வாரிசா என் பேரைச் சேர்த்து நடத்தினாங்க. ஜெயிச்சப்ப வந்த பாக்கியை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பால் கணக்கு இருக்கிற கவர் இன்னும் கேஸ் கட்டோட வக்கீலம்மாகிட்டத்தான் இருக்கு, கேட்டு வாங்கணும்.

ஆரணி தம்பி:

அக்கா, எங்க மாமாவுக்குக் கடைசி நிராகரிப்பு வந்தது 2020 பிப்ரவரியில. லாக்டவுன்ல எங்கேயும் போக முடியலை. தீர்ப்பாயத்துக்குப் போகக் கெடு ஆகஸ்டோட முடிஞ்சதுன்னு ஒருத்தர் பயமுறுத்தியே காசு கேட்டார்.

சிக்னல்ஸ் ரிட்டயர்டு:

கெடு கணக்குல 2020 மார்ச் 15ல இருந்து 2022 பிப்ரவரி 28 வரைக்கும் உள்ள நாளை உச்ச நீதிமன்றமே கழிச்சு விட்டிருக்கு தம்பி. அந்த இடைவெளியில கெடு முடிஞ்சவங்களுக்கு 2022 மார்ச் 1ல இருந்து 90 நாள், மிச்சம் அதைவிட அதிகமா இருந்தா அந்த அதிக நாள். மாமா எப்ப மனு போட்டார்னு பாருங்க. அதுக்கப்புறம் ஆன தாமதத்துக்கு மட்டும் காரணம் சொன்னாப் போதும். காசு கேட்டவரை விட்டுட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல முதல்ல விசாரிங்க. மெடிக்கல் போர்டு பேப்பர் கையில இல்லைன்னா அவரோட ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போடுங்க. அது இல்லாம எந்த வக்கீலும் மனு எழுத முடியாது.

குடியாத்தம் மகன்:

தாமத மன்னிப்பு மனு எழுதும்போது ஒரு விஷயம் தம்பி. எங்க முதல் வரைவுல ஏழ்மை, அறியாமைன்னு மட்டும் இருந்தது. வக்கீல் கிழிச்சுட்டார். எல்லாரும் அதையே எழுதறாங்களாம். எந்த மாசம் கடிதம் வந்தது, யார் படிச்சுச் சொன்னது, எந்த வருஷம் யார் கண்ணுல பட்டது, அடுத்து என்ன பண்ணினோம்னு வரிசையாக் கேட்டு எழுதினார். போஸ்ட்மேன் பேர்கூட அதுல இருக்கு. அவர் ரிட்டயர் ஆகி ஊர்லதான் இருந்தார், ஆமா நான்தான் படிச்சேன்னு உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.