ஹாட் சிப் அடுத்த ஆல்பம்: ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் நல்லதா?

நள்ளிரவு_பீட்:
2022 ஆகஸ்டில் வந்த 'ஃப்ரீக்அவுட்/ரிலீஸ்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லண்டன் எலக்ட்ரானிக் பேண்டான ஹாட் சிப் முழு பேண்டாக இயங்கிய ஆல்பம் இதுதான் என்பது என் கட்சி. கொரோனா காலத்தில் பேண்டில் ஒருவரான அல் டாய்ல் கிழக்கு லண்டனில் 'ரிலாக்ஸ் அண்ட் என்ஜாய்' என்று ஒரு ஸ்டுடியோ அமைத்தார், அப்புறம் ஐந்து பேரும் அங்கே கூடி வாசித்து வாசித்தே பாட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். மேடையில் பீஸ்டி பாய்ஸின் 'சபோட்டாஜ்' பாட்டை வாசித்தபோது ஏறிய சூடு இதிலும் இருக்கிறது. டைட்டில் பாட்டில் பேஸ் எப்படி உறுமுகிறது என்று நல்ல ஹெட்போனில் கேளுங்கள். லேப்டாப் முன்னால் ஒருவர் தனியாக உட்கார்ந்து கட்டம் கட்டமாக நகர்த்தினால் அது வராது. அடுத்த ஆல்பத்தையும் இப்படித்தான் செய்யவேண்டும்.

லூப்_பைத்தியம்:
வராதா? 2006இல் வந்த அவர்களுடைய 'தி வார்னிங்' ஆல்பம் பெரும்பாலும் பேண்டில் ஒருவரான ஜோ காடார்டின் படுக்கையறையில் உருவானது. பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கிற மெர்க்குரி பரிசின் அந்த வருஷ இறுதிப் பட்டியலில் அது இருந்தது. 'ஓவர் அண்ட் ஓவர்' பாட்டில் ஒரே தாளம் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்க, நடுவில் 'காசியோ' என்ற பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாடுகிற இடம் ஒன்று வரும், அதைக் கேட்டு எழுந்து ஆடாத ஆளை நான் பார்த்ததில்லை. ஜோ ஒரு பீட்டைச் செய்து கொடுப்பார், பாடகர் அலெக்சிஸ் டெய்லர் அதன்மேல் மெட்டும் வரியும் வைப்பார். லண்டன் புட்னியில் எலியட் பள்ளியில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து இருவருக்கும் பழக்கம். ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா, ஆளுக்கொன்று வாசிப்பார்கள், ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்கள், பாட்டில் காற்றுப் புக இடமிருக்காது.

பழைய_கேசட்:
ஆடுகிறவனுக்கு எந்த அறையில் பதிவு செய்தார்கள் என்று தெரியவா போகிறது? பாட்டு நன்றாக இருந்தால் சரி.

நள்ளிரவு_பீட்:
@பழைய_கேசட், ஆடுகிறவனுக்குத் தெரியவேண்டாம், ஆனால் அவன் காலுக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேர் சில காலம் ஊருக்கு ஒருவராக இருந்துகொண்டு ஃபைல் அனுப்பிப் பாட்டு செய்தோம். வந்து சேரும்போதே அது முடிந்துபோன பாட்டு மாதிரி இருக்கும், டிரம் சரியில்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, அதனால் ஒவ்வொருவரும் மேலே இன்னொரு லேயர் போட்டு அனுப்புவோம். அப்புறம் ஒரே அறையில் வாசித்தபோது டிரம்மர் ஒரு கோரஸுக்கு முன்னால் மயிரிழை தாமதித்தார், பேஸ் அவரோடு நின்றது, பாட்டே வேறாகிவிட்டது. மென்பொருள் அந்தத் தாமதத்தைத் தப்பு என்று நினைத்து நேராக்கியிருக்கும். அல் டாய்ல் எல்சிடி சவுண்ட்சிஸ்டத்திலும் வாசிக்கிறவர் என்பதை மறக்காதீர்கள். மெஷின் மாதிரி ஒரே பேட்டர்னை மனிதக் கைகளால் நிமிஷக்கணக்கில் வாசித்து ஆட்டம் போடவைப்பது அந்த பேண்டின் வேலை. அந்த ஆள் கட்டிய அறையில் இந்த ஆல்பம் பிறந்தது தற்செயல் இல்லை.

லூப்_பைத்தியம்:
சரி, அதே ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு வாருங்கள். 'டவுன்' எதன்மேல் நிற்கிறது? சிகாகோவைச் சேர்ந்த யுனிவர்சல் டுகெதர்னெஸ் பேண்டின் பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்த சாம்பிள்மேல். அதாவது ஐந்து பேர் கூடி வாசித்ததாக நீங்கள் கொண்டாடும் ஆல்பத்தின் கதவைத் திறப்பதே ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றுகிற ஒரு துண்டு. உறுமுகிறது என்றீர்களே அந்த டைட்டில் பாட்டு, அதில் பெல்ஜியத்தின் சோல்வாக்ஸ் பேண்டின் சகோதரர்கள் கைவைத்திருக்கிறார்கள். அறைக்குள் இருந்த ஐந்து பேர் மட்டும் போதுமென்றால் அவர்கள் எதற்கு?

புட்னி_ரசிகை:
இருவரும் அறையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 2019இன் 'எ பாத் ஃபுல் ஆஃப் எக்ஸ்டஸி' தான் முக்கியம், ஏனென்றால் அவர்கள் முதன்முதலாக வெளி புரொடியூசர்களிடம் தங்களை ஒப்படைத்தது அதில்தான். ஒருவர் ராடி மெக்டொனால்ட், இன்னொருவர் பாரிஸின் ஃபிலிப் ஸ்தார், கேசியஸ் என்ற டான்ஸ் இசை இரட்டையரில் ஒருவர். ஐந்து நண்பர்கள் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்தால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே பழகிவிடுவார்கள், 'இந்தப் பகுதி வேண்டாம், தூக்கு' என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு ஆள் வேண்டும். அந்த ஆல்பத்தில் 'ஹங்ரி சைல்ட்' பாட்டைக் கேளுங்கள், ஹவுஸ் பீட்டின்மேல் அலெக்சிஸின் குரல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது! மெல்லிய குரல் அவருடையது, சுற்றிலும் இடம்விட்டால்தான் அதில் உள்ள துக்கம் கேட்கும். ஆல்பம் வந்தது ஜூன் 21, ஸ்தார் பாரிஸில் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தது ஜூன் 19. இரண்டே நாள். அந்த மனுஷன் செய்த வேலையை இந்த விவாதத்தில் யாரும் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நள்ளிரவு_பீட்:
ஸ்தார் பெரிய ஆள், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆல்பம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பளபளப்பு. 'டவுன்' சாம்பிளில் தொடங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும், லூப்_பைத்தியம். சாம்பிள் ஒரு பொறிதான், அதன்மேல் ஏறுகிற டிரம்ஸையும் கிட்டாரையும் கேளுங்கள், அவை அந்த லூப்போடு சண்டை போடுகின்றன. சாம்பிளையே நம்பியிருந்தால் ஒரு நிமிஷத்தில் அலுத்திருக்கும்.

லூப்_பைத்தியம்:
சண்டை போடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன், யார் ஜெயிக்கிறார் என்பதில்தான் நாம் பிரிகிறோம். எனக்கு லூப்தான் ஜெயிக்கிறது. ஆட்கள் கூடுவதற்கு நான் எதிரியும் இல்லை. 2010இல் 'ஒன் லைஃப் ஸ்டாண்ட்' ஆல்பத்துக்கு ஃபிம்பர் பிராவோவைக் கூப்பிட்டு ஸ்டீல் பேன் என்ற கரீபிய உலோகத் தாளவாத்தியத்தை வாசிக்கவைத்தார்களே, அது பிரமாதம். ஆனால் அங்கே பாட்டு முதலில் இருந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று பார்த்து ஆளைக் கூப்பிட்ட மாதிரிதான் கேட்கிறது. பேண்ட் முதலில் கூடி, அப்புறம் பாட்டைத் தேடினால் மனம்போன போக்கில் வாசிக்கிற நீளமான ஜாம்தான் மிஞ்சும்.

புட்னி_ரசிகை:
அப்படியானால் அடுத்த ஆல்பம் வரும்போது நீங்கள் லூப்பைக் கேளுங்கள், அவர் டிரம்ஸைக் கேட்கட்டும். நான் முதல் பாட்டில் அலெக்சிஸ் வாயைத் திறக்கும்போது மற்றவர்கள் எத்தனை பேர் கையை எடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஐந்து பேரும் வாசித்துக்கொண்டே இருந்தால் அன்றைக்கே இங்கே வந்து திட்டுவேன்.