டிஇஏ யூனிட்: ரீபாய்லர் நீராவி 14 டன்னிலிருந்து 19 டன், எங்கே போகிறது?

கேள்வி:
இயற்கை எரிவாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் யூனிட். 30 சதவீத டிஇஏ (டைஎத்தனால் அமைன், வாயுவை உறிஞ்சும் கரைசல்), மணிக்கு 120 கன மீட்டர் சுழற்சி. எரிவாயு அளவு மாறவில்லை, ஆனால் நீராவி மணிக்கு 14 டன்னிலிருந்து 19 ஆகிவிட்டது. ரீபாய்லர் (நீராவியால் கரைசலைக் கொதிக்க வைக்கும் கலன்) 122 டிகிரி. வால்வை எவ்வளவு திறந்தாலும் அதற்கு மேல் ஏற மறுக்கிறது. ஸ்டிரிப்பர் (கரைசலிலிருந்து வாயுவைப் பிரிக்கும் கோபுரம்) உச்சியில் 109 டிகிரி, தனி அழுத்தம் (வெற்றிடத்திலிருந்து அளந்தது) 1.8 பார். எக்ஸ்சேஞ்சர் (லீன் அமைனின் சூட்டால் ரிச் அமைனைச் சூடாக்கும் கருவி) தாண்டிய ரிச் அமைன் (வாயுவை உறிஞ்சிய கரைசல்) 88 டிகிரி, வடிவமைப்பில் 98. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1:
வால்வைத் திறந்து 122-ஐ ஏற்ற முடியாது சார். கொதிக்கும் கரைசலின் வெப்பநிலையை அழுத்தமும் அமைன் செறிவும்தான் தீர்மானிக்கின்றன. கூடுதல் நீராவி தண்ணீரை ஆவியாக்கி உச்சிக்கு அனுப்பும். கண்டென்சர் குளிர்வித்துக் கீழே விடும். பயன் எதுவுமில்லை. 109 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் சுமார் 1.39 பார், மொத்த 1.8-இல் மீதி 0.41 பார்தான் அமிலவாயு (கார்பன் டை ஆக்சைடு). ஒரு மோல் வாயுவுக்கு 3.4 மோல் தண்ணீர்! உச்சியை 104 டிகிரிக்கு இறக்கினால் அது 1.8 ஆகும், உங்கள் சுமைக்கு 3 டன் நீராவி மிஞ்சலாம்.

நீராவியைக் கால் டன் கால் டன்னாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் 2 மணி நேரம் விட்டு லீன் அமைன் (வாயு பிரிந்த கரைசல்) லோடிங்கை, அதாவது அதில் மிஞ்சிய வாயுவின் அளவை, டைட்ரேட் செய்யுங்கள். லோடிங்கோ, வெளியேறும் எரிவாயுவின் கார்பன் டை ஆக்சைடோ ஏறத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

பதில் 2:
மீதி 2 டன் எக்ஸ்சேஞ்சரில் இருக்கிறது. உங்கள் சுழற்சிக்கு 1 டிகிரி என்பது மணிக்கு சுமார் 0.45 ஜிகா ஜூல், 10 டிகிரிக்கு 4.5, அதாவது சுமார் 2 டன் நீராவி. சுத்தம் செய்யப் பிரிப்பதற்கு முன் ரிச் பக்க பைபாஸை (எக்ஸ்சேஞ்சரைச் சுற்றிப் போகும் குழாயை) பாருங்கள்: பைபாஸ் வந்து சேரும் இடத்துக்கு முன்னும் பின்னும் குழாய் வெப்பநிலை எவ்வளவு?

கேட்டவர்:
முன் 101, பின் 88. எக்ஸ்சேஞ்சருக்குள் நுழையும்போது 60.

பதில் 2:
அப்படியானால் எக்ஸ்சேஞ்சர் நன்றாகவே வேலை செய்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமைன் பைபாஸில் போகிறது. இது மூடிய வால்வின் சீட்டில் கசியும் அளவு இல்லை. வால்வு பாதி திறந்தே நிற்கிறது. ஸ்டெம் (வால்வின் தண்டு) உண்மையில் மூடுகிறதா என்று களத்தில் போய்ப் பாருங்கள், கண்ட்ரோல் ரூம் திரையை நம்ப வேண்டாம்.

மூடியதும் ரிச் அமைன் சூடாகும், வாயு அதிகம் பிரியும். அழுத்தம் குறைக்கும் வால்வு எக்ஸ்சேஞ்சருக்கு முன்னால் இருந்தால் உள்ளேயே ஃப்ளாஷ் ஆகி (வாயு திடீரெனப் பிரிந்து) எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். அந்த வால்வு ஸ்டிரிப்பரை ஒட்டி இருக்க வேண்டும். அன்றே நீராவியையும் குறையுங்கள். குறைக்காவிட்டால் மிச்சமான வெப்பம் உச்சிக்கே போகும், 109 இன்னும் ஏறும்.