நிமிடத்துக்கு 41 சொட்டா, 42 சொட்டா?

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
நேற்று ஒரு தம்பி இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "டிரிப் கணக்கெல்லாம் பழைய காலம், இப்போது சொட்டு வேகத்தை மின்சார பம்ப் பார்த்துக்கொள்ளும். ஒரு லிட்டர் சேலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற 41 சொட்டு, அவ்வளவுதான்." 41 எங்கிருந்து வந்தது? 1000 மில்லியை 20-ஆல் பெருக்கி, 8 மணி நேரத்தின் 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67. அதை 42 என்றுதான் எழுதவேண்டும். முப்பத்தோரு வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன்.

பீனிக்ஸ் தம்பி:
அந்தத் தம்பி நான்தான் அக்கா. மருந்து விஷயத்தில் பின்னத்தைக் கீழே தள்ளுவதுதான் பாதுகாப்பு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். 42 வைத்தால் கூடுதலாகப் போகிறதே.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
அது குழந்தைக்கு மருந்து இழுக்கும்போது. இது சேலைன். ஒரு லிட்டரில் மொத்தம் 20,000 சொட்டு. 42 வைத்தால் 476 நிமிடம், நாலு நிமிடம் முன்னால் முடியும். 41 வைத்தால் 488, எட்டு நிமிடம் தாமதம். எது கிட்டே?

டர்பன் மருந்தாளர்:
ஒரு சின்னக் கேள்வி. எந்த டிரிப் குழாய் செட்? நீங்கள் பெருக்கிய 20, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டுக்கு. மில்லிக்கு 15 சொட்டு விழும் செட் என்றால் 31தான் வரும். 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் 125. கவரிலேயே அச்சடித்திருக்கும்.

பீனிக்ஸ் தம்பி:
எட்டு நிமிடம் தாமதமானால் யாரும் சாகமாட்டார்கள் அக்கா. அதிகமாகப் போனால்தான் வம்பு. பொட்டாசியம் கலந்த பையாக இருந்தால்?

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
பொட்டாசியம் பையை நான் பம்ப் இல்லாமல் தொடமாட்டேன். பேச்சை மாற்றாதே. 41.67-க்குக் கிட்டே இருக்கும் முழு எண் எது?

பீனிக்ஸ் தம்பி:
ஆக, பம்ப் வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று!

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
ஒப்புக்கொள்ளவும் இல்லை, ஒன்றும் இல்லை. 2008-ல் லோட் ஷெடிங் என்று கரண்டை நிறுத்திய நேரம், ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பும்வரை பேட்டரி செத்த பம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். 42.

மாரிட்ஸ்பர்க் மாமா:
அம்மா, கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவதுதானே வழக்கம்? 42 என்றால் பத்தரைச் சொட்டு. அரைச் சொட்டை எந்தக் கண்ணால் பார்ப்பது? 10 எண்ணினால் 40, 11 எண்ணினால் 44. நோயாளி கையை மடக்கினால் அதுவும் போச்சு.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
நான் முழு நிமிடமும் நின்று எண்ணுவேன். கால் நிமிடம் அவசரக்காரர்களுக்கு.

மாரிட்ஸ்பர்க் மாமா:
முப்பது கட்டிலுக்கும் முழு நிமிடமா? நல்ல கதை. அப்புறம், சொட்டு சொட்டு என்கிறீர்களே, "துளி" என்று எழுதினால் கொஞ்சம் தமிழாக இருக்கும்.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
சொட்டும் தமிழ்தான். 1860-ல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வந்து இறங்கியவர்கள் வாயில் புழங்கிய தமிழ், உங்கள் அகராதித் தமிழ் இல்லை. துளி பேசும் மாமாவுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். போன காவடியில் முதலுதவிக் கூடாரத்தில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்தது யார்? லிட்டருக்கு எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அரையை இரண்டாக்கினது யார்?

மாரிட்ஸ்பர்க் மாமா:
அது கரண்டி பெரிதாக இருந்ததால். இதை எத்தனை தடவை சொல்வது?

டர்பன் மருந்தாளர்:
செட் எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
என் வார்டில் 20தான் தம்பி. எப்போதும் 20தான்.

பீனிக்ஸ் தம்பி:
எப்படியோ, நான் 41 என்றே எழுதுவேன்.

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:
எழுது. அந்த சார்ட்டில் பக்கத்துக் கையெழுத்து எந்த சிஸ்டர் போடுகிறாள் என்று பார்க்கிறேன். 42.