டபுள் டாப், லாட்டிஸ், பழைய விசிறிப் பட்டி: எதை நம்புவது?

ஆறாம்தந்தி:
பல வருஷமாக ஒரே கிளாசிக்கல் கிடார்தான் வாசிக்கிறேன். ஸ்ப்ரூஸ் மரத்தில் டாப் (முன்பலகை), அதன் அடியில் விசிறி மாதிரி விரியும் ஏழு மரப்பட்டிகள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் போன மாதம் நண்பர் ஒருவரின் டபுள் டாப் கிடாரை (முன்பலகை இரண்டு அடுக்கானது) வாங்கி வாசித்ததிலிருந்து மனசு நிலையாக இல்லை. லேசாகத் தொட்டாலே அறை நிறைகிறது. லாட்டிஸ், அதாவது கட்டம் கட்டமான பட்டிகள், வைத்த இன்னொரு கிடாரும் பார்த்தேன், அது வேறு மாதிரி சத்தம். இரண்டும் உள்ளே என்னதான் செய்கின்றன? அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? எதையோ கொடுத்துத்தான் அதை வாங்குகிறோமா? இன்னொன்று: லூட் (பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) கேட்பதிலும் எனக்குப் பைத்தியம் உண்டு. இந்த நவீன வித்தையெல்லாம் லூட் பக்கம் ஏன் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை?

நகமும்நைலானும்:
டபுள் டாப் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நகம் ஒழுங்காக இழைக்காத நாளில் அது அந்தச் சொரசொரப்பையும் சேர்த்துப் பெரிதாக்கி அரங்கத்துக்கு அனுப்பிவிடும். கச்சேரிக்கு அதுதான் எடுப்பேன். வீட்டில் தனியாக உட்காரும்போது பழைய கிடார்தான். மற்றதை மரத்தூள் சார் வந்து சொல்லட்டும்.

மரத்தூள்:
வந்துவிட்டேன். கிடார் செய்வதைவிடப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பில் பாதி. அதனால் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. பலகையின் கனத்தை (தடிமனை) பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எடையும் அதே பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடியில் (தடிமன் × தடிமன் × தடிமன்) போகிறது என்பதால், அது கால்பங்குக்கு மேல் போய்விடும். டாப் செய்பவனின் தலைவலி எல்லாம் இதில்தான். தந்திகள் சேர்ந்து, டாப்பில் அவற்றைக் கட்டியிருக்கும் பிரிட்ஜை ஏறக்குறைய 40 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதைத் தாங்க விறைப்பு வேண்டும். விரல் கிள்ளிக் கொடுக்கும் சொற்ப சக்தியில் அசைய லேசாகவும் இருக்க வேண்டும். டாப் தானாக ஒரு சத்தத்தையும் உண்டாக்குவதில்லை, கிடைத்ததை மாற்றித் தருகிறது, அவ்வளவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் கிடார் செய்த டோரஸ் இதற்குச் செம்மைப்படுத்தியது விசிறி. டாப்பை இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு இழைத்து, லேசான குவிவு கொடுத்து, அடியில் மெல்லிய பட்டிகள். 1862இல் முதுகையும் பக்கங்களையும் அட்டையில் செய்து, டாப் மட்டும் மரம் வைத்து ஒரு கிடார் செய்தார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டாப்தான் முக்கியம் என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் சொல்லவில்லை. அதன்பின் நூறு வருஷம் பெரும்பாலும் அந்த வழிதான். 1960களில் ஸ்பெயினின் ராமிரெஸ் பட்டறை ஸ்ப்ரூஸுக்குப் பதில் சீடார் மரத்தைக் கொண்டுவந்தது பெரிய திருப்பம், ஆனால் அது மரத்தில் வந்த மாற்றம்.

கட்டுமானத்தையே மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன். பால்சா மரக் குச்சிகளில் கார்பன் ஃபைபர் ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டார். பாரத்தைக் கட்டம் சுமக்கிறது. அதனால் சீடார் பலகையை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு இழைக்க முடிந்தது. முதுகும் பக்கமும் நேர்மாறு: பல அடுக்கு ஒட்டிய, கனமான, அசையாத கூடு. சக்தி டாப்பைவிட்டு வேறெங்கும் கசியக்கூடாது என்று எண்ணம். கையில் எடுத்ததுமே எடை தெரியும். 1980களின் தொடக்கத்தில் கிடார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் அதை வாசிக்க ஆரம்பித்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது.

டபுள் டாப் ஜெர்மனியில் மத்தியாஸ் டாமன், கெர்னோட் வாக்னர் வழியாக வந்தது. அதில் பட்டி பெரும்பாலும் பழைய விசிறிதான், பலகைதான் வேறு. சுமார் 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு மரத்தோல்கள், நடுவில் நோமெக்ஸ் என்ற அராமிட் காகிதத் தேன்கூடு. விமானத்தின் உட்பலகைகளில் போடுகிறார்களே, அதே சரக்கு. நெளிவுத்தாள் வைத்த அட்டைப்பெட்டியை மடக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: வளைவை எதிர்ப்பது மேலும் கீழும் உள்ள தாள்கள், நடுவில் இருப்பது அவற்றைத் தள்ளி நிறுத்துகிறது. ஆக மொத்தக் கனம் பழைய டாப் அளவுதான், எடை குறைவு. ஒட்டுவதற்கு வச்சிரப் பசை ஆகாது. எபாக்ஸியோ பாலியூரிதேனோ பூசி, வெற்றிடப் பையில் காற்றை உறிஞ்சி அழுத்துவார்கள்.

எதைக் கொடுக்கிறோம் என்று கேட்டீர்கள். கிள்ளலில் கிடைக்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. லேசான டாப் அதைச் சீக்கிரம் செலவழித்தால் ஒலியின் தொடக்கம் பெரிதாகவும் அது நீளும் வால் குட்டையாகவும் இருக்கும். மெல்லிய லாட்டிஸ் சிலவற்றில் இது நன்றாகவே கேட்கும், பாஞ்சோ வாடை என்று திட்டுவார்கள். நல்ல கைகள் இதைச் சமாளிக்கின்றன. என் காதுக்கு உறுத்துவது வேறு: பிரிட்ஜுக்கு அருகில் கிள்ளுவதற்கும் துளைக்கு மேல் கிள்ளுவதற்கும் உள்ள ஒலி நிற வித்தியாசம் சில நவீன கிடார்களில் சுருங்கிவிடுகிறது. நம்ம வாசிப்பே அந்த வித்தியாசத்தில் இருக்கும்போது சத்தத்தை வைத்து என்ன செய்ய?

பதின்மூன்றுஜோடி:
லூட் கேள்வியை விட்டுவிட்டீர்களே சார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த லூட்களைக் கிடார் மாதிரி கனமாகச் செய்து கெடுத்தார்கள் என்பார்கள். லேசாக்குவதுதான் நோக்கம் என்றால் லூட்டுக்குத்தான் தேன்கூடு முதலில் வந்திருக்க வேண்டாமா?

மரத்தூள்:
அந்தக் கனமான லூட்களுக்கு மருந்து பழைய காலத்திலேயே இருந்தது, புதுமையில் இல்லை. அருங்காட்சியகங்களில் பழைய லூட்களை அளந்து பார்த்தார்கள், டாப் ஒன்றரை மில்லிமீட்டர், இடத்துக்கு இடம் அதற்கும் கீழே. அதாவது நாம் கார்பனும் நோமெக்ஸும் போட்டுத் தேடும் லேசை அவர்கள் வெறும் ஸ்ப்ரூஸில் தொட்டுவிட்டார்கள். தந்தி ஒவ்வொன்றின் இழுப்பும் கிடாரில் பாதிதான் இருக்கும், அதனால் முடிந்தது.

பட்டிகள் ஓடும் திசையையும் பாருங்கள். கிடாரில் விசிறி மரத்தின் ரேகையோடு சேர்ந்து ஓடும். லூட்டில் பட்டிகள் ரேகைக்குக் குறுக்கே, ஒல்லியாக, உயரமாக நிற்கும். ஸ்ப்ரூஸ் ரேகை வாக்கில் இருக்கும் விறைப்பு குறுக்கே பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் குறையைப் பட்டிகள் நிரப்புகின்றன, டாப்பைச் சின்னச் சின்னப் பகுதிகளாகவும் பிரிக்கின்றன. பெரிய பகுதி ஒன்றாக அசைந்தால் அடித்தொனி கனக்கும், சின்னப் பகுதிகள் தனித்தனியே அசைந்தால் மேல்தொனிகள் தூக்கலாகும். லூட்டின் அந்தத் தெளிவு, நாசித் தன்மை என்று சிலர் சொல்வது, அங்கிருந்துதான். பிரிட்ஜுக்குக் கீழே பாஸ் பக்கம் மட்டும் ஒரு பட்டி கொக்கி போல வளையும். அதை உளியால் கொஞ்சம் சீவினாலே பாஸ் மாறும். அப்புறம் ரோஜா, அதாவது ஒலித்துளையில் இருக்கும் பூவேலை. தனியாகச் செய்து ஒட்டுவது இல்லை, டாப்பிலேயே குடைவது. நடுவில் தேன்கூடு இருக்கும் பலகையில் அதை எப்படிக் குடைவீர்கள்?

லூட்டில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும்; சத்தம் போதாது என்று லூட்காரர்கள் கேட்டால் அந்த ஜோடித் தந்தியின் இழுப்பைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். அதையும் நான் தடுப்பேன். டாப் அமுங்கி உட்கார்ந்துவிடும்.

ஆறாம்தந்தி:
நன்றி சார். ஒருவர் பழைய டபுள் டாப் ஒன்றை விற்கிறார். மேலே பக்கவாட்டில் பார்த்தால் சின்னச் சின்ன அறுகோணங்கள் மங்கலாகத் தெரிகின்றன. பயப்பட வேண்டுமா?

மரத்தூள்:
அறுகோணம் தெரிவது தோல் ரொம்ப மெல்லிசு என்பதற்கு அடையாளம், அதற்காக மட்டும் பயம் வேண்டாம். ஆனால் அந்த டாப்பை எதிர்காலத்தில் உப்புத்தாள் போட்டுப் புதுசாக்க இடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு விட்டால் பழைய டாப்பில் உள்ளிருந்து சின்னத் துண்டு ஒட்டி நிறுத்திவிடலாம். இதில் அது உள்தோலைத்தான் பிடிக்கும், வெளித்தோல் தன் போக்கில் இருக்கும்.

தந்திகளைக் கையால் அடக்கிக்கொண்டு விரல் நுனியால் டாப் முழுக்க, விரற்கடைக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு விட்ட இடம் காகிதம் மாதிரி சலசலக்கும். பிரிட்ஜைச் சுற்றி அப்படிக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். ஓரத்தில் மட்டும் என்றால் செய்தவருக்கே எழுதிக் கேளுங்கள், உள்ளே என்ன பசை போட்டார் என்று அவருக்குத்தான் தெரியும்.